வாயு மூலை

“வீட்ட விட்டு வெளிய போற நடுக்கத்துக்கு எங்க போகணும்னு வழி தெரியுமா மாமா?”

கோமதி இதைக் கேட்டபோது ஒன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டைச் சுற்றிக் குழி தோண்டி, எஃகுக் கம்பங்களை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருந்த கம்பெனி ஆளிடம் கேட்டாள். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “நாங்க சொல்லிக் குடுத்துருவோம் பாப்பா. நல்ல பிள்ளையா அந்த மூலை வழியாப் போயிரும்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோமதியின் அப்பா தளவாயும் சிரித்தார். கேள்வி அத்தோடு மறந்துபோனது. குழந்தைகளின் கேள்வியைச் சிரித்து அனுப்பிவிடுவது பெரியவர்களுக்கு எளிது. ஆனால் அப்படி அனுப்பிய கேள்வி எங்கும் போய்விடுவதில்லை. வாசலுக்கு வெளியே உட்கார்ந்து காத்திருக்கும்.

அந்தமானில் பூமி ஆடுவது புதிதல்ல. போர்ட் பிளேரில் மலைச்சரிவில் இருக்கும் அந்தத் தெருவில் எல்லோருமே எப்போதாவது சோற்றுத் தட்டோடு வெளியே ஓடி வந்தவர்கள்தான். அதனால் நடுக்க வேலி வந்தபோது தெருவே அதைக் கோயில் பிரசாதம் போலக் கைநீட்டி வாங்கிக்கொண்டது. வீட்டைச் சுற்றி மண்ணுக்குள் கம்பங்கள். பூமி ஆடினால் அந்த ஆட்டத்தை அவை வீட்டுக்குள் விடாமல் வளைத்துக்கொண்டுபோய் ஒரு மூலை வழியாக வெளியே தள்ளிவிடும். கம்பங்களைப் பிணைத்து வைக்க விரல் நீளத்தில், மூன்று பல் வெட்டிய எஃகுச் சாவி ஒன்று உண்டு. கொல்லையில் ஒரு மூடிக்கு அடியில் அது செருகியிருக்கும். அதை உருவிவிட்டால் வேலி வெறும் இரும்பு.

எந்த மூலை வழியாக வெளியே விடுவது என்று கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கு வீடு கேட்டார்கள். எந்த மூலையானாலும் சரிதான் என்றும் சொன்னார்கள். தெருவில் யாரும் யோசிக்கவே இல்லை. ஈசானிய மூலையில் அசுத்தம் கூடாது. அக்கினி மூலையில் அடுப்பு. கன்னி மூலையில் பீரோ. கழிவு போவதற்கென்று இருப்பது வாயு மூலைதான். எல்லார் வீட்டுச் செப்டிக் டேங்கும் அங்கேதான் இருந்தது. மேல் வீட்டிலிருந்து கீழ் வீடு வரை ஒருவர் விடாமல் வடமேற்கைக் காட்டினார்கள்.

தெருவின் கடைசி வீடு தளவாயுடையது. அதற்கும் கீழே, வடமேற்கில், பின்பக்கத்துக் கல் படிகள் இறங்கிப்போய் முடிகிற இடத்தில் இன்னொரு வீடு இருந்தது. எஸ்தருடையது. அந்த மண்ணுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாத வீட்டுக்கு வேலி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

எஸ்தருக்கும் தளவாயின் மனைவி வடிவுக்கும் ஒரே வயது. கோமதி பிறந்தபோது வடிவு ஜன்னி கண்டு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். டப்பாப் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை; குடித்ததையெல்லாம் கக்கிக் கக்கி அழக்கூட வலுவில்லாமல் போயிற்று. எஸ்தருக்கு அப்போது கைக்குழந்தை, அகஸ்டின். வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த தளவாயின் அக்கா ஆசாரம் மிகுந்தவள். எஸ்தர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அதனால் தளவாய் காலையிலும் சாயங்காலமும், “பிள்ளைக்குக் கொஞ்சம் வெயில் காட்டிட்டு வாறேன்” என்று துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு பின்படி இறங்குவார். மழை கொட்டிய நாளிலும் வெயில் காட்டப் போனார். எஸ்தர் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வடிவு தேறி வந்த பிறகு இதை ஒரே ஒரு தடவை அவளிடம் சொன்னார். எஸ்தர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

வேலி போட்ட மறு வருடம் பூமி ஆடியது. தெருவில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தொலைக்காட்சியில் செய்தி சொன்ன பிறகுதான் தெரிந்தது. எஸ்தர் வீட்டில் மட்டும் பக்கச் சுவர் சரிந்து அவள் புருஷன் பாக்கியநாதன் மேல் விழுந்தது. சத்தம் கேட்டு முதலில் ஓடிய தளவாய்தான் கல்லைப் புரட்டி அவரை வெளியே எடுத்தார். உயிர் இருந்தது; இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. பட்டா இல்லாத மண், உளுத்துப்போன சுவர், அப்படித்தான் ஆகும் என்று தெரு பேசிக்கொண்டது.

அன்றைக்குப் பிறகு தளவாய்க்கு ஒரு பழக்கம் வந்தது. தான் வேலை பார்த்த மரம் அறுக்கும் ஆலையிலிருந்து கழிவான படாக் மரக் கட்டைகளைக் கேட்டு வாங்கி வந்து வீட்டைக் கட்ட ஆரம்பித்தார். உள்ளறையின் நான்கு மூலைக்கும் குறுக்குக் கட்டை போட்டு போல்ட்டு முடுக்கினார். பீரோவைப் பட்டையால் சுவரோடு பிணைத்தார். சமையல் அலமாரியின் விளிம்பில் பாத்திரம் உருளாமல் சட்டம் அடித்தார். கேஸ் சிலிண்டருக்குச் சங்கிலி. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தரைக்கு இறக்கிவிட்டு, வடிவைக் குடத்தில் சுமக்க வைத்தார். உள்ளறைக் கூரையின் கான்கிரீட்டைப் பெயர்த்துவிட்டு மரமும் தகரமும் போட்டார். முன் கூடத்துக் கான்கிரீட்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை எடுத்தால் சுவரும் வந்துவிடும்.

“வேலி போட்ட வீட்டுக்கு அரைஞாண் கட்டுத ஆளை இங்கனதான்வே பாக்கேன்” என்று மேல் வீட்டுச் சங்கரலிங்கம் கேலி செய்வார். துறைமுக அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“கை சும்மா இருக்க மாட்டேங்குது” என்பார் தளவாய்.

சின்னச் சின்ன ஆட்டங்கள் வந்து போயின. தளவாய் வீட்டில் மட்டும் தம்ளர் அதிரும். ஒருமுறை பூசை அலமாரிச் சுவரில் கீறல்கூட விழுந்தது. நம் வேலி மட்டமான சரக்கு, கம்பெனிக்குச் சொல்லுங்கள் என்று வடிவு பலமுறை சொன்னாள். அவர் கேட்கவில்லை. சிமென்ட்டைக் குழைத்துக் கீறலை அடைத்தார்.

*

கோமதி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது அந்த அறிவிப்பு வந்தது. கடலடியில் பதித்திருந்த கருவிகள் சொன்னதாம்: பூமித் தட்டு நழுவப் போகிறது, வரும் பௌர்ணமிக்குள். இதுவரை பார்த்தது எதுவும் அதற்கு ஈடாகாது என்றும் சொன்னார்கள்.

துறைமுகத்தில் மனிதர்கள் மனிதர்களை மிதித்தார்கள். தளவாய் கோமதியைக் கப்பலேற்ற வரிசையில் நின்றார். எட்டாம் மாதம் தொட்ட பெண்ணை ஏற்ற மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். சென்னையிலிருந்து மருமகன் போனில் அழுதான்; பிறகு போனும் போயிற்று. கோயில் மைதானத்தில் போட்ட கூடாரங்கள் மழையில் மிதந்தன. வேலி உள்ளவர்கள் வீட்டிலேயே இருக்கலாம், வேலி இல்லாதவர்கள் முகாமுக்குப் போக வேண்டும் என்று ஒலிபெருக்கி வைத்த வண்டி சொல்லிக்கொண்டு போனது. பட்டா இல்லாத வீடுகளைக் காலி செய்தவர்கள் திரும்பக் குடியேற முடியாது என்பதையும் அதே குரல், அதே மூச்சில் சொன்னது.

வேலிக் கம்பெனி தன் ஆட்களையும் இயந்திரங்களையும் முதல் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டது. இடம் கிடைக்காமல் நின்றுபோனவள் ரிஸ்வானா என்ற பொறியாளர். காயல்பட்டினத்துப் பெண், கோமதியைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். கையில் தெருவின் வரைபடத்தோடு ஒரு மத்தியானம் வடிவின் அடுக்களைக்குள் வந்து உட்கார்ந்தாள். கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை.

“அக்கா, ஏன் எல்லாரும் ஒரே மூலையைச் சொன்னீங்க?”

“வாயு மூலைதானம்மா. கழிவு போறதெல்லாம் அங்கனதான வைக்கணும்.”

ரிஸ்வானா காப்பியைத் தள்ளி வைத்தாள். பிறகு அடுக்கியிருந்த தம்ளர்களை எடுத்துத் தரையில் சாய்வாக ஒரே வரிசையில் வைத்தாள். “சித்தாளுங்க வரிசையா நின்னு சாந்துச் சட்டிய கை மாத்துவாங்கல்ல? அது மாதிரிதான். மேல் வீடு தன்னோட ஆட்டத்தைக் கீழ் வீட்டுக்குத் தள்ளும். கீழ் வீடு அதையும் தன்னோடதையும் சேத்து அடுத்த வீட்டுக்கு. ஆளுக்கு ஒரு மூலை வச்சிருந்தா அது மலை முழுக்கச் செதறி ஒண்ணுமில்லாமப் போயிருக்கும். நீங்க எல்லாரும் ஒரே திசை. கடைசியா உங்க வீடு. உங்க வீடு தள்ளுறது…” என்று கடைசித் தம்ளருக்கு அப்பால் வெறும் தரையில் விரலை வைத்தாள்.

அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று வடிவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அன்னைக்கு அந்தச் சுவர் தானா விழலக்கா. இந்தத் தெரு முழுக்கச் சேந்து தள்ளிருக்கு.”

வடிவு கடைசித் தம்ளரைக் கையில் எடுத்தாள். “அதுக்கப்புறம் எத்தனையோ தரம் ஆடியிருக்கே. அவ வீட்டுல ஒண்ணும் ஆகலியே.”

“அதுதான் எனக்கும் புரியல. சின்ன ஆட்டம்னு நெனைக்கேன். இது சின்னதில்ல.”

மூலையை மாற்ற முடியாதா என்று கேட்டாள் வடிவு. தோண்டி எடுத்துத் திருப்ப வேண்டும், அதற்கான இயந்திரம் கடலில் போய்க்கொண்டிருக்கிறது என்றாள் ரிஸ்வானா. எல்லோரும் ஒரே நேரத்தில் சாவியை உருவினால் பாரம் பிரியும். ஆளுக்குக் கொஞ்சம் கீறல் விழும், வீடு நிற்கும். ஆனால் மேலே ஒருவர் உருவாவிட்டாலும் அவருடையது கீழே இருப்பவர் தலையில் விழும்.

“கடைசி ஆளு மட்டும் கை மாத்தலேன்னா?”

ரிஸ்வானா தலையைக் குனிந்துகொண்டாள். “மொத்தச் சட்டியும் அவங்க மேலதான்க்கா கொட்டும்.”

அன்று மாலை கோயில் மண்டபத்தில் தெரு கூடியது. ரிஸ்வானா எல்லாவற்றையும் சொன்னாள். மூடியைத் திறப்பதும் சாவியை எடுப்பதும் வீட்டுக்காரரின் உரிமை, கம்பெனியோ அரசாங்கமோ தொட முடியாது என்றும் சொன்னாள். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாக்கியநாதனுக்குக் கோயில் பிரசாதம் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள். கட்டில் உடைந்தபோது புதுக் கட்டில் செய்து போட்டவர்கள். ஆனால் ஒவ்வொருவரும் தனக்கு மேல் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் எடுப்பார் என்று எப்படி நம்புவது? அவரும் அவருக்கு மேல் வீட்டுக்காரரைப் பார்த்தார். பயம் வந்துவிட்டால் நல்லவர்களுக்கும் கண் ஒரே பக்கம்தான் பார்க்கிறது.

கடைசியில் சங்கரலிங்கம் மெதுவாகத் தளவாய் பக்கம் திரும்பி, கடைசி வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்று கேட்டார். தளவாய் எழுந்தார்.

“என் வேலி மூடியில கை வைக்க எவனையும் விட மாட்டேன். அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வடிவுக்கு மண்டபத் தூணுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மனிதர் உள்ளறையில் போல்ட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தார். கோமதி கட்டிலில் படுத்திருந்தாள். அந்த அறையை விட்டு அவள் வெளியே வரக்கூடாது, கூடத்தில் உட்காரவே கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். வடிவு தாழ்ந்த குரலில், “இவளுக்குப் பால் குடுத்தவ” என்றாள். தளவாயின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் முடுக்க ஆரம்பித்தார். இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிதரின் முதுகைப் பார்த்துக்கொண்டே, இவரை எனக்குத் தெரியாதோ என்று வடிவு நினைத்தாள்.

*

மறுநாள் காலை வடிவு பின்படி இறங்கி எஸ்தர் வீட்டுக்குப் போனாள். பௌர்ணமி வரை எங்கள் வீட்டில் வந்து இருங்கள் என்று கூப்பிட்டாள்.

எஸ்தர் ஒலிபெருக்கி சொன்னதை நினைவூட்டினாள். “வீட்ட விட்டு எறங்கினா திரும்ப ஏத்த மாட்டாங்க மதினி. அகஸ்டின் கப்பல்ல வேலை முடிஞ்சு வந்தா எங்க வருவான்?”

கட்டிலில் கிடந்த பாக்கியநாதன் சிரித்தார். “என்னைத் தூக்கிட்டு அந்தப் படி ஏற நாலு பேரு வேணும் தாயி. செத்த பெறகு எப்படியும் நாலு பேரு வருவாக. ரெண்டையும் ஒரே வேலையா முடிச்சிருவோம்.”

“வாயக் கழுவுங்க” என்றாள் எஸ்தர். வடிவு கிளம்பும்போது கோமதிக்கென்று ஒரு கிண்ணத்தில் பூண்டுக் குழம்பு ஊற்றிக் கையில் கொடுத்தாள். பால் ஊறும், இப்பவே சாப்பிடப் பழகட்டும் என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் வேறு எந்த நினைவும் தெரியவில்லை. கொடுத்ததை மறந்துவிட்டவளின் முகம் அது.

படியேறும்போதே வடிவு முடிவு செய்துவிட்டாள்.

முதலில் கோமதியை அங்கிருந்து நகர்த்த வேண்டும். நேரே சங்கரலிங்கத்தின் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் ஒரு பொய் சொன்னாள்: அம்மன் கனவில் வந்து, பிள்ளைத்தாய்ச்சியை மேடான வீட்டில் படுக்க வைக்கச் சொன்னாள் என்று. சாமி பெயரில் அவள் சொன்ன முதல் பொய். அந்த அம்மாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “நாளைக்குக் காலையில கூட்டிட்டு வா. இன்னைக்குக் கட்டிலைக் கழுவிப் போடுதேன்” என்றாள். நேற்று மண்டபத்தில் வாய் திறக்காமல் இருந்த அதே அம்மாள்தான். மனிதரிடம் பெரிய தியாகத்தைக் கேட்டால் கை நடுங்குகிறது. சின்ன உதவியைக் கேட்டால் அந்தக் கையே முன்னால் நீளுகிறது.

மத்தியானம் தளவாய் ரேஷன் வாங்கப் போயிருந்தார். கோமதி தூங்கினாள். மழை விட்டிருந்தது. வடிவு கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, வேலியின் மூடியைப் புரட்டினாள். நாளை கோமதி போன பிறகு தடுமாறாமல் உருவ வேண்டும் என்று இப்போதே பார்த்துவைக்க நினைத்தாள்.

உள்ளே சாவி இல்லை.

சாவி செருகும் துளையில் பாசி படிந்து, மண் அடைத்து, அதன் மேல் ஒரு சிலந்தி பழைய கூடு கட்டியிருந்தது. நேற்றோ போன மாதமோ எடுத்ததில்லை. வருடங்கள் ஆகியிருக்கும்.

அவள் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்தாள். தம்ளர் அதிர்ந்ததும், பூசைச் சுவரில் கீறல் விழுந்ததும், கம்பெனிக்குச் சொல்லவே விடாததும், தண்ணீர்த் தொட்டி, சங்கிலி, படாக் கட்டைகள் என்று ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்து நின்றன. பாக்கியநாதன் மேல் கிடந்த கல்லைப் புரட்டிய மனிதர், மரத்தின் போக்கை ஒரு கண்ணை மூடிப் பார்த்துப் பழகியவர், இந்த மூலையில் நின்று கீழே பார்த்திருக்கிறார். அன்று மகள் கேட்ட கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைத்திருக்கிறது.

அப்புறம் அவளுக்கு மஞ்சள் துணி நினைவு வந்தது.

பூசை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் தளவாய் ஒரு நேர்ச்சை முடிந்து வைத்திருந்தார். மஞ்சள் துணியில் முடிந்த நேர்ச்சையை, முடிந்தவர் தவிர வேறு யாரும் அவிழ்க்கக்கூடாது; எதற்கு என்று கேட்கவும் கூடாது. பாக்கியநாதன் எழுந்து நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு காசு முடிந்திருக்கிறார் என்று அவள் எண்ணியிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் தூசி தட்டி, குங்குமம் வைத்து, அதே இடத்தில் வைத்து வந்தாள்.

உள்ளே போய் அதை எடுத்தாள். துணியோடு சேர்த்துத் தடவினாள். விரல் நீளம். மூன்று பல்.

துணி பழசு, நிறம் மங்கி வெளுத்திருந்தது. ஆனால் முடிச்சு புதுசு. வெளுக்காத மஞ்சள் நிறம் முடிச்சின் மடிப்பிலிருந்து வெளியே வந்திருந்தது. அறிவிப்பு வந்த பிறகு ஏதோ ஒரு வேளையில் அந்த மனிதர் இதை அவிழ்த்திருக்கிறார். மகள் முகம் நினைவில் வந்திருக்கும். பிறகு, எப்படியோ, மறுபடியும் முடிந்து வைத்திருக்கிறார்.

வடிவுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. நாளைதான் கோமதி போகிறாள். இன்று ஒரு பகல் மிச்சம், ஒரு ராத்திரி மிச்சம். அதுவரைக்கும் மட்டும் சாவியைப் போட்டு வைத்தால் என்ன? காலையில் உருவிவிடலாம். யாருக்குத் தெரியும்? முருகா, ஒரே ஒரு ராத்திரிக்கு. அவள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். துளையில் இருந்த மண்ணை ஈர்க்குச்சியால் கிளறி எடுத்தாள். முடிச்சில் விரலை வைத்தாள்.

கீழே எஸ்தர் புருஷனின் கட்டிலை ஜன்னல் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தாள். மழை விட்டால் கடல் தெரியும் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். தனியாளாக ஒரு பக்கத்தை இழுப்பாள், சுற்றிப் போய் மறுபக்கத்தை இழுப்பாள், மூச்சு வாங்கி நிற்பாள். பிறகு அவர் தலையைத் தூக்கிக் கொடுத்தாள். இருவரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வடிவு வெகு நேரம் மண்டியிட்டே இருந்தாள். கால் மரத்துப்போனது. பிறகு மூடியை மூடி, மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளிவிட்டு, பொட்டலத்தைக் கொண்டுபோய் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தாள். என் மகளைப் பார்த்துக்கொள் என்று சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

*

நாளை வரை பூமி காத்திருக்கவில்லை.

சாயங்காலம், தளவாய் ரேஷன் பையைக் கூடத்தில் இறக்கிவைத்த நேரம். கோமதி தண்ணீர் குடிக்க எழுந்து கூடத்துக்கு வந்துவிட்டாள். முதலில் ஒரு சத்தம், மலைக்குள் லாரி போவது போல. தளவாய் திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவில்லை. மகளை இரண்டு கையாலும் தூக்கி உள்ளறை வாசலுக்குள் தள்ளினார். வடிவு அவளை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அதன் பிறகு மேல் கீழ் தெரியவில்லை. தெருவின் ஆட்டம் முழுவதும் அந்த வீட்டுக்குள் வந்து இறங்கியது. படாக் கட்டைகள் மிருகம் போல முனகின. பட்டையில் கட்டிய பீரோ சுவரைப் பிய்க்கப் பார்த்தது. தகரம் கிழிந்தது. கூடத்துக் கான்கிரீட் விழுந்தபோது வந்த காற்றில் உள்ளறை விளக்கு அணைந்தது.

நின்றபோது உள்ளறை நின்றிருந்தது. அதைத் தவிர வீடு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

வடிவு தூசிக்குள் தவழ்ந்து புருஷன் பெயரைக் கூப்பிட்டாள். அவர் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வாசல்படிக்கு இந்தப் பக்கம் அவர் கை மட்டும் தெரிந்தது. அவள் நகத்தால் சிமென்ட்டுக் கட்டிகளைப் பிறாண்டினாள். உள்ளே கோமதி வலியில் கத்த ஆரம்பித்தாள். இரண்டு பக்கமும் ஓட முடியாமல் நடுவில் நின்று வடிவு ஊமை போல வாயைத் திறந்து மூடினாள்.

பின்படியில் ஆள் ஓடி வரும் சத்தம் கேட்டது. எஸ்தர். தலையில் ஒரு தூசியில்லை. கையில் மாவு அப்பியிருந்தது. “நீங்க பிள்ளைகிட்ட போங்க மதினி” என்று சொல்லிவிட்டு மண்டியிட்டுக் கல்லைப் புரட்ட ஆரம்பித்தாள். மேலிருந்து தெருக்காரர்கள் வந்து சேருவதற்குள் தளவாயின் முகத்தை வெளியே எடுத்துவிட்டாள். அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு காலும் நசுங்கியிருந்தன.

கோமதிக்கு எஸ்தர் வீட்டில்தான் பிரசவம் ஆனது, பாக்கியநாதன் கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு சேலையை நடுவில் கட்டிவிட்டு. பெண் குழந்தை. மாதம் குறைவு, ஆனால் அழுதது. எஸ்தர் அதைத் துடைத்து வடிவிடம் கொடுத்தாள்.

“எங்க வீட்டுல ஒரு தட்டுகூட விழல மதினி. கர்த்தர் காத்தாரு.”

“ஆமா எஸ்தரு. காத்தாரு” என்றாள் வடிவு.

*

தெருவில் வேறு எந்த வீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசி வீட்டு வேலி பழுதாகிவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். தம்ளர் அதிர்ந்தபோதே தளவாய் கவனித்திருக்க வேண்டும் என்றார்கள். சங்கரலிங்கம் தார்ப்பாய் கொண்டுவந்து இடிபாட்டின் மேல் கட்டிக் கொடுத்தார். வடிவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கயிற்றையே பார்த்துக்கொண்டு, “பாவம், அவரு மட்டும் ஏமாந்துட்டாரு” என்றார். ரிஸ்வானா இடிபாட்டைச் சுற்றி வந்தாள். கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். குனிந்து மூடியைத் தொடவில்லை. வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வடிவின் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனாள்.

தளவாயை ஆஸ்பத்திரிக் கப்பலில் வைத்திருந்தார்கள். ஒரு கால் தங்கும், மற்றதை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். வடிவு போனபோது அவர் முதலில் பேத்தியைக் கேட்டார். பிறகு எஸ்தர் வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே, “சாமி அலமாரி என்னாச்சு?” என்றார்.

“சுவர் போச்சு. படம் இருக்கு. பின்னால இருந்ததும் இருக்கு.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் போர்வையைச் சரிசெய்தாள்.

“அதைக் கோயில்ல சேத்துரு வடிவு. நேர்ச்சை முடிஞ்சுது.”

“சரி.”

இருவரும் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. இனியும் பேசப் போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

திரும்பும் வழியில் அவள் மலைமேல் இருந்த முருகன் கோயிலுக்குப் போனாள். உச்சி வேளைப் பூசை முடிந்து அர்ச்சகர் வீட்டுக்குப் போயிருந்தார். மண்டபம் காலியாக இருந்தது. தெருவே கூடி உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட அதே மண்டபம். வடிவு உண்டியல் முன்னால் நின்று மடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தாள். சாமி பெயரில் சொன்ன பொய்க்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முடிச்சை அவிழ்க்கவில்லை.

உண்டியல் வாயில் அது கொஞ்சம் இடித்தது. சாய்த்துத் தள்ளினாள். உள்ளே விழுந்தபோது காசு விழும் சத்தம் கேட்கவில்லை. இரும்பு, இரும்பின் மேல் ஒரே ஒருமுறை இடித்து அடங்கியது. அந்தச் சத்தத்தை வேறு யாராவது கேட்டார்களா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. விபூதியை ஒரு சிட்டிகை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, குழந்தை இருந்த வீட்டை நோக்கிப் படியிறங்கினாள்.